‘நிறை மாறா விதி’யா, ‘நிறைக் காப்பு விதி’யா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எந்த மாற்றம் நடந்தாலும் மொத்த நிறை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்ற விதிக்கு (law of conservation of mass) எந்தப் பெயர் பொருந்தும் என்பதே பேச்சு.

“பாடநூலிலேயே ‘நிறை மாறா விதி’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?” என்று அக்கா முந்தைய மடலில் கேட்டிருந்தார். போன குறுவை அறுவடை வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மன்னார்குடிப் பக்கம் மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்த விதியை நடத்தியபோது ஒரு பையன் எழுந்து, “சார், களத்துல நெல்லு காயக் காய எடை குறையுதே, அப்புறம் எப்படி மாறாது?” என்றான். 20 சதவீத ஈரமுள்ள 40 கிலோ மூட்டையை, கொள்முதல் நிலையம் கேட்கும் 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் ஏறக்குறைய 38.5 கிலோதான் நிற்கும். குறைகிற ஒன்றரைக் கிலோவை வீட்டில் பேசிக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவன். ‘மாறா’ என்ற சொல்லை எப்படி நம்புவான்?

போனது நீர். ஆவியாகிக் காற்றில் கலந்திருக்கிறது. நெல்லையும் ஆவியையும் சேர்த்து நிறுக்க முடிந்தால் அதே 40 கிலோ வரும். பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே (Lavoisier) 1774இல் வெள்ளீயத்தை அடைத்த கலத்துக்குள் சூடாக்கிக் காட்டியதும் இதைத்தான். மூடியிருந்தவரை எடை மாறவில்லை. திறந்து காற்று உள்ளே புகுந்ததும் கூடியது. எல்லையைச் சொல்லாமல் இந்த விதியைச் சொல்லவே முடியாது. ‘மாறா விதி’, ‘அழியா விதி’ என்ற இரு பெயரிலும் அந்த எல்லை இல்லை.

‘நிறை இருப்பு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். தினமும் மேட்டூர் அணை நிலவரம் படிக்கிற நமக்கு இருப்பு என்றாலே ஏறி இறங்குவது. அது ஆகாது.

‘காப்பு’ பொருந்துகிறது. இலங்கைப் பாடநூல்கள் ‘திணிவுக் காப்பு’ என்று எழுதுகின்றன; நாம் நிறை என்பது அங்கே திணிவு. நம் ஊர்களில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்குப் போகலாம். ஊரின் தலைக்கட்டுக் கணக்கு மாறாது. இதைச் சொன்னதும் அந்தப் பையனே, “அப்போ களத்துக்குக் காப்புக் கட்டல, அதான் குறையுது” என்றான். அந்த ஒரு வரிக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

‘ஆற்றல் காப்பு’, ‘உந்தக் காப்பு’, ‘மின்னூட்டக் காப்பு’ என்று ஒரே அச்சில் நீட்டவும் முடியும். கைக்காப்பு நினைவுக்கு வருமே என்று குழுவில் ஐயா ஒருவர் தயங்கியிருந்தார். வரட்டும், அதுவும் சுற்றி எல்லை போடும் வளையம்தானே.

‘திணிவு’ வேண்டுமா என்பது தனிக் கேள்வி. இலங்கையில் ‘நிறை’ என்றால் நாம் ‘எடை’ என்பது. நிறுப்பதால் நிறை, அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் நம் வழக்கை நான் விடமாட்டேன். எடுத்தால் கையில் தெரிவது எடை, புவி இழுக்கும் விசை. நிலவில் மூட்டையைத் தூக்கினால் எடை ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். உள்ளே நிறைந்திருக்கும் பொருள், அதாவது நிறை, அங்கும் 40 கிலோவே. வில் தராசு முன்னதைக் காட்டும், இருதட்டுத் தராசு பின்னதை.

ஒன்று மிச்சமிருக்கிறது. ‘மூடிய அமைப்பு’ என்பதற்குப் பதில் ‘காப்பெல்லை’ என்று எழுதலாமா? வெப்பம் கடக்கலாம், பொருள் கடக்கக் கூடாது என்ற வேறுபாட்டை அது தாங்குமா? வேதியியல் நடத்துபவர்கள் சொல்லுங்கள்.