வழி விலகினால் கருவி புது வழி போடுகிறது, எனக்கு வேண்டியது என் பழைய வழி

நெடுவழி:

போன வாரம் 300 கிலோமீட்டர் பிஆர்எம், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரி. ஹேண்டில்பாரில் வழி காட்டும் ஜிபிஎஸ் கருவி, அதில் நானே வரைந்து ஏற்றிய வழி. 187-வது கிலோமீட்டரில் ஒரு பாலம், பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது, குறுக்கே தடுப்பு. காலை 6 மணிக்குக் கிளம்பியவன், அங்கே நின்றபோது மாலை 6 மணி. அடுத்த கண்ட்ரோல், அதாவது கார்டில் முத்திரை வாங்க வேண்டிய சோதனை இடம், 212-ல். மணிக்கு 15 கிலோமீட்டர் கணக்கில் அது இரவு 8:08-க்கு மூடும். கையில் மிச்சம் அரை மணி நேரம்கூட இல்லை.

பக்கத்தில் இணையாக ஓடும் சாலையில் இறங்கி, அடுத்த பாலத்தைத் தாண்டினால் ஒன்றேகால் கிலோமீட்டரில் மறுபடியும் என் சாலைக்கே வந்துவிடலாம். கண்ணுக்கு எதிரே தெரிகிறது. இறங்கி இருநூறு மீட்டர் போவதற்குள் கருவி கத்த ஆரம்பித்தது. முதலில் யூ-டர்ன் போடச் சொன்னது. நான் போய்க்கொண்டே இருந்தேன். அப்புறம் வழியை மறுபடி கணக்கிடுகிறேன் என்று ஒரு சதவீத எண் ஏறத் தொடங்கி, பாதியில் நின்றது. திரையில் வழியும் இல்லை, வரைபடமும் நகரவில்லை. இருட்டிக்கொண்டு வருகிறது, தெரியாத ஊர், அந்த நேரத்தில் பார்த்துப் போக ஒரு கோடுகூட இல்லாமல் போனது எனக்கு.

முக்கால் நிமிடம் கழித்துக் கோடு வந்தது. நல்லவேளை, மீதி தூரம் கண்ணில் பட்டது. கிட்டத்தட்ட 113 இருக்க வேண்டிய இடத்தில் 64! 212-ல் இருந்த கண்ட்ரோலையும், அதற்கு அடுத்ததையும் விட்டுவிட்டு, முடிவுப் புள்ளிக்கு நேராக வழி போட்டிருக்கிறது. கண்ட்ரோல் தூரங்களைச் சின்னத் தாளில் எழுதி டாப் டியூபில் (சைக்கிளின் மேல் குழாயில்) ஒட்டியிருந்ததால் பிழைத்தேன். இல்லாவிட்டால் அந்தக் கோட்டை நம்பிப் போயிருப்பேன். ஒரு கண்ட்ரோல் விட்டாலும் சவாரி கணக்கில் வராது.

இன்னொன்றும் கவனித்தேன். மறுபடி கணக்கிட்டபின் என் கோப்பில் நானே போட்டு வைத்திருந்த குறிப்புகள் எதுவும் வரவில்லை. 'இடதுபக்கம் தண்ணீர்', 'இறக்கத்தில் மண்' என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து போட்டவை.

காரில் போகிறவருக்குப் போய்ச் சேரும் இடம் முக்கியம். எந்தத் தெரு வழியாகப் போனாலும் சரி. நாம் அப்படி இல்லை. வீட்டில் இரண்டு மாலை உட்கார்ந்து, ஏற்றம் பார்த்து, லாரி ஓடும் சாலையைத் தவிர்த்து வரைவது அந்த வழிக்காகவே. கருவி அதைத் தூக்கிப் போட்டுவிட்டு முடிவுப் புள்ளியை மட்டும் பிடித்துக்கொள்வது எனக்கு ஏற்கவே முடியவில்லை.

கேள்வி இதுதான்: 'நான் விலகிய இடத்துக்குப் பக்கத்தில், என் வழிக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போ' என்று கருவியிடம் சொல்ல முடியுமா? இல்லை, மறுகணக்கீட்டை ஒரேயடியாக அணைத்துவிடுவதுதான் வழியா?

வரைகோடு:

அணைத்துவிடுங்கள். காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் கருவியை எங்கே நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ஜிபிஎக்ஸ் கோப்பில், அதாவது கருவியில் ஏற்றும் வழிக் கோப்பில், ஒரு வழியை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று டிராக்: சாலையின் வளைவு நெளிவோடு நெருக்கமான புள்ளிகள், அவ்வளவுதான். இன்னொன்று ரூட்: தூரம் தூரமாகச் சில புள்ளிகள், நடுவில் எந்தச் சாலையில் போவது என்பதைக் கருவியே முடிவு செய்யும். நீங்கள் ஏற்றியது அநேகமாக டிராக். வழியில் இருக்கும்வரை கருவி அதை அப்படியே காட்டும். ஆனால் மறுகணக்கீடு தொடங்கியதும் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: இப்போது நிற்கும் இடத்திலிருந்து ஒரு இலக்குக்கு வழி தேடுவது. எதை இலக்காக வைக்கிறது என்பதில்தான் கருவிக்குக் கருவி வித்தியாசம். சில உங்கள் கோட்டில் சற்று முன்னால் ஒரு புள்ளியை எடுக்கும். அதுதான் நீங்கள் கேட்பது. சில பின்னால் உள்ள மிக அருகான புள்ளியை எடுக்கும், அதனால்தான் ஓயாமல் யூ-டர்ன். சில கடைசிப் புள்ளியையே எடுத்துவிடும். உங்களுக்கு நடந்தது இந்த மூன்றாவது. அது போட்ட புது வழி கருவி சொந்தமாகச் செய்தது என்பதால், உங்கள் கோப்பில் இருந்த குறிப்புகளுக்கு அதில் இடமே இல்லை.

நேரம் ஏன் எடுக்கிறது? குறைந்த தூர வழியைக் கண்டுபிடிக்கும் முறையை கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-லேயே வெளியிட்டுவிட்டார். இன்றும் அடிப்படை அதுதான். சந்திப்பு சந்திப்பாக விரித்துக்கொண்டே போக வேண்டும், தூரம் கூடக்கூடப் பார்க்க வேண்டிய சந்திப்புகள் வேகமாகப் பெருகும். ஃபோனில் சட்டென்று வருவதற்குக் காரணம், பெரும்பாலும் கணக்கு வேறெங்கோ பெரிய கணினியில் நடக்கிறது. ஹேண்டில்பாரில் இருப்பதோ நாள் முழுக்க பேட்டரி நிற்க வேண்டும் என்பதற்காகச் சின்னச் செயலி வைத்துச் செய்த பொருள். அதனிடம் அறுபது கிலோமீட்டருக்கு வழி கேட்டால் திணறத்தான் செய்யும்.

மறுகணக்கீட்டை அணைத்தாலும், வழி விலகியதை எச்சரிக்கும் பீப் தனி அமைப்பாக இருக்கும். அதை அணைக்காதீர்கள். விலகினால் பீப் வரும், கோடு திரையில் அப்படியே இருக்கும், வரைபடத்தைப் பார்த்து நீங்களே திரும்பிக் கோட்டைத் தொட்டால் கருவி அங்கிருந்து தொடரும். பாலத்தடியில் உங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மெதுமிதி:

அணைப்பதோடு இதையும் செய்யுங்கள்: கோப்பை கண்ட்ரோல் கண்ட்ரோலாக வெட்டுங்கள்.

நான் 600 வரை இப்படித்தான் ஓட்டுகிறேன். ஒரு கோப்பு, ஒரு கண்ட்ரோலில் தொடங்கி அடுத்த கண்ட்ரோலில் முடியும். கருவி எவ்வளவு தப்பாகக் கணக்குப் போட்டாலும் அதன் கடைசிப் புள்ளி அடுத்த கண்ட்ரோல்தான், அதைத் தாண்டி என்னைக் கூட்டிப்போக அதற்குத் தெரியாது. துண்டு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் என்பதால் கோப்பு திறப்பதும் வேகம். தொடக்கமும் முடிவும் ஒரே இடத்தில் இருக்கும் வட்ட வழிகளில், கிளம்பியவுடனே 'சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லும் தொல்லையும் போய்விடும்.

கண்ட்ரோலில் கார்டில் முத்திரை வாங்கும்போதே அடுத்த கோப்பைத் திறப்பேன், அது பழக்கமாகிவிட்டது. என் கருவியில் பதிவை நிறுத்தாமலே கோப்பை மாற்ற முடிகிறது. உங்களுடையதில் முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெயர்களுக்கு முன்னால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கண்ணோடு பட்டியலில் தேடியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பன்னியர்பை:

கொஞ்சம் மாறுபடுகிறேன். நான் பிஆர்எம் ஓட்டுவதில்லை, சுமை கட்டிக்கொண்டு நாள்கணக்கில் பயணம் போகிறவள். தெரியாத பெருநகரத்துக்குள் மழையில் நுழைந்து, ஒருவழிச் சாலையில் தவறான பக்கம் திரும்பி நின்றபோது, இந்த மறுகணக்கீடுதான் என்னைத் தங்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே எனக்கு எந்தத் தெரு என்பது முக்கியமில்லை, இலக்குதான் முக்கியம். எல்லோரும் அணைத்துவிடுங்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட வேண்டாம்.

பல கருவிகளில் 'கேட்டுவிட்டுச் செய்' என்று நடுவில் ஒரு தேர்வு இருக்கிறது. விலகியதும் மறுபடி கணக்கிடட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று ஒரு பொத்தான். என்னுடையதை அதில்தான் வைத்திருக்கிறேன்.

சரளைக்கல்:

எனக்கு வேறு விதமான தொல்லை. வழியிலேயே இருந்தாலும் விலகிவிட்டாய் என்று பீப் அடிக்கிறது. வளைவுகளில் அதிகம். நெடுவழி, உங்களுக்கும் இப்படி உண்டா?

வரைகோடு:

சரளைக்கல், உங்கள் கோப்பில் எத்தனை புள்ளிகள் என்று பாருங்கள். கோப்பைச் சுருக்கி 500 புள்ளியில் இறக்கியிருந்தால், 300 கிலோமீட்டருக்கு 600 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் வரும். கருவி அவற்றை நேர்கோட்டில் இணைக்கும். சாலை வளையும் இடத்தில் கோடு வயலுக்குள் போகும், நீங்கள் சாலையில் இருப்பீர்கள், அது விலகல் என்று நினைக்கும். 10,000 புள்ளி என்றால் 30 மீட்டருக்கு ஒன்று. வளைவு தப்பாது.

புள்ளிகள் போதுமான அளவு இருந்தும் பீப் வந்தால், வரைந்த இணையதளத்தின் வரைபடமும் கருவிக்குள் இருக்கும் வரைபடமும் வேறு வேறு காலத்தவையாக இருக்கலாம். சாலையை அகலப்படுத்தி நகர்த்தியிருப்பார்கள், கருவியில் பழையதே இருக்கும். அப்புறம் மேம்பாலம். மேலே போகும் சாலையும் கீழே போகும் சர்வீஸ் சாலையும் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒரே இடம். திறந்த வானத்தின் கீழேயே சில மீட்டர் பிழை இருக்கும், உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டு எதிரொலித்து வரும்போது இன்னும் கூடும். அந்த இடங்களில் கருவி சொல்வதைவிடச் சாலைப் பலகையை நம்புங்கள்.

நெடுவழி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் காலை 40 கிலோமீட்டர் வட்டம் ஒன்று வரைந்து, வேண்டுமென்றே மூன்று இடத்தில் விலகிப் பார்த்தேன்.

மறுகணக்கீடு அணைத்த நிலையில் முதல் விலகல்: ஒரு பீப், கோடு திரையிலேயே இருந்தது, எண்ணூறு மீட்டர் தள்ளிக் கோட்டைத் தொட்டதும் அடுத்த திருப்பத்தைச் சொல்ல ஆரம்பித்தது. என் குறிப்புகளும் வந்தன. இரண்டாவதில் 'கேட்டுவிட்டுச் செய்' வைத்தேன். கேட்டது, வேண்டாம் என்றேன், விட்டுவிட்டது. ஆனால் கேள்வி வரைபடத்தின் மேலேயே வந்து உட்கார்ந்து, பொத்தானை அழுத்தும்வரை கோட்டை மறைக்கிறது. இரவில் இறக்கத்தில் எனக்கு அது ஒத்துவராது. பன்னியர்பை சொன்னதை மறுக்கவில்லை, நகரத்துக்குள் நானும் அதைப் பயன்படுத்துவேன்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. கோப்பை இரண்டாக வெட்டி, மறுகணக்கீட்டைத் தானாக நடக்கும்படி விட்டேன். நடுவில் ஒரு குறுக்குச் சாலையில் நுழைந்தேன். பழையபடியே என் கோட்டை விட்டுவிட்டுப் புதிதாக வழி போட்டது, ஆனால் துண்டின் முடிவுக்குத்தான் போட்டது. பத்து விநாடிகூட ஆகவில்லை.

அடுத்த மாதம் 400. மெதுமிதி சொன்னபடி ஆறு துண்டாக வெட்டி எண் போட்டுவிட்டேன், மறுகணக்கீடு அணைத்தாயிற்று. டாப் டியூப் தாளும் இருக்கும், இந்தத் தடவை ஒவ்வொரு கண்ட்ரோலும் மூடும் நேரத்தோடு.

மெதுமிதி, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கோப்பை வெட்டும்போது கண்ட்ரோல் வாசலிலேயே முடிக்கிறீர்களா, இல்லை நூறு மீட்டர் தள்ளியா? எனக்கு வாசலுக்கு முன்பே 'சேர்ந்துவிட்டீர்கள்' என்று வந்துவிடுகிறது.

மெதுமிதி:

வாசலைத் தாண்டி ஐம்பது மீட்டரில் முடிக்கிறேன். அடுத்த துண்டை வாசலுக்கு ஐம்பது மீட்டர் முன்னாலிருந்தே தொடங்குகிறேன். இரண்டும் கொஞ்சம் மேலே மேலே விழட்டும், அப்போதுதான் எந்தப் பக்கம் கிளம்ப வேண்டும் என்பது உடனே தெரியும்.