மெஸோ சோப்ரானோ என்றால் கடைசி வரை அம்மா வேடம்தானா?

வேப்பேரிக்காரன்:
மகளுக்கு 17 வயது. சர்ச் கொயரில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடிக்கொண்டிருந்தாள், இப்போது வெஸ்டர்ன் வாய்ப்பாட்டு டீச்சர் அவளுடையது மெஸோ சோப்ரானோ, அதாவது நடுத்தரப் பெண் குரல் என்கிறார். பாட்டாலேயே நடக்கும் மேலைநாட்டு நாடகமான ஆபராவில் கதாநாயகி பெரும்பாலும் சோப்ரானோவாம், அதாவது உச்சக் குரலாம். மெஸோவுக்கு அம்மா, வேலைக்காரி, சூனியக்காரி, இல்லாவிட்டால் பேன்ட் போட்ட பையன் வேடமாம். யூடியூபில் பார்த்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். கொஞ்சம் மேலே ஏற்றிப் பாடிப் பழகினால் சோப்ரானோ ஆகிவிடலாம் என்கிறாள். விடலாமா?

எழும்பூர் ரசிகன்:
விடாதீங்க சார். 17 வயதில் குரல் இன்னும் முழுசாகப் பழுத்திருக்காது, தொண்டையை இறுக்கி மேல் ஸ்வரம் பிடிக்கிற பழக்கம் வந்தால் லேசில் போகாது. ‘கார்மென்’ ஆபராவின் கதாநாயகி கார்மென் யாராம்? மெஸோதானே! ஜெர்மன் மெஸோ பாடகி கிறிஸ்டா லுட்விக்கைக் கேட்கச் சொல்லுங்க. 1928இல் பெர்லினில் பிறந்தவர், அம்மாவும் பாடகி, அவர்தான் குரு. 1946இல் ஃபிராங்ஃபர்ட்டில் அறிமுகமானதே ஒரு ஆண் வேடத்தில்தான். 1955இல் வியன்னா ஸ்டேட் ஆபராவுக்கு வந்தார். மெஸோ என்ற பெயரோடு பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’ ஆபராவில் வரும் லியோனோரே மாதிரி சோப்ரானோ வேடங்களையும் பாடினார். ஆனால் வாக்னர் ஆபராவின் கனமான சோப்ரானோ வேடமான இஸோல்டே பாடச் சொல்லிப் பெரிய பெரிய கண்டக்டர்கள் கேட்டும் மேடையில் பாடவே இல்லை, எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அந்தப் பிடிவாதம்தான். 1994 வரை, கிட்டத்தட்ட 50 வருஷம் குரல் நின்றது.

அஞ்சரைக்கட்டை:
நடுவில் ஒரு சந்தேகம். சுருதியை இறக்கிவிட்டுப் பாடினால் போயிற்று, இதில் என்ன பெரிய வம்பு? டி.கே.பட்டம்மாள் கீழ்ச்சுருதியில் பாடி எத்தனை பேரைக் கட்டிப்போட்டார்!

எழும்பூர் ரசிகன்:
அங்கேதான் வித்தியாசமே. நம்ம கச்சேரியில் பாடுகிறவர் கட்டைக்குத் தம்பூராவும் வயலினும் இறங்கி வரும். ஆபராவில் மற்ற பாடகர்களும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் எழுதி வைத்த ஸ்தாயியில்தான் நிற்பார்கள், அபூர்வமாகத்தான் மாற்றுவார்கள், அதனால் குரலைப் பார்த்துத்தான் வேடம். ஆனால் பியானோவோடு பாடுகிற ஜெர்மன் லீடர் பாட்டுகளைக் குரலுக்குத் தக்கபடி இறக்கிக்கொள்ளலாம். ஷூபர்ட் ஆண் குரலுக்காக எழுதிய ‘விண்டர்ரைஸ’ பாட்டுத் தொகுப்பின் 24 பாட்டையும் லுட்விக் பாடிப் பதிவு செய்திருக்கிறார். வேடமே கிடைக்காவிட்டாலும் மெஸோவுக்கு பாக், மாலர் மாதிரி இசையமைப்பாளர்களின் படைப்புகள், லீடர் என்று வேலை இருக்கிறது.

வேப்பேரிக்காரன்:
நன்றி சார். அம்மாவே குரு என்ற இடத்தைப் படித்துக் காட்டினேன். ‘உங்க ரெண்டு பேருக்கும் ஸாவே நிக்காதேப்பா’ என்றாள். ஆனால் ராத்திரி அவள் ரூமில் லுட்விக் ஓடிக்கொண்டிருந்தது.