முன்பக்கப் பொத்தானுக்கு ‘உசுப்பி’ சரிவருமா?

திருகோணமலையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். கணனிப் பெட்டியை ஒன் ஆக்கும் முன்பக்கப் பொத்தானுக்கு ஒரு தமிழ்ச்சொல் முன்மொழிய வந்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை மூதூரிலிருந்து ஒரு தம்பி கோல் எடுத்தார். பழைய கேசிங்கைக் கழற்றிப் புதியதுக்கு மாற்றியிருக்கிறார், கூடவே இன்னொரு ராம் துண்டும் போட்டிருக்கிறார். அதோடு, “கணனி ஒன் ஆகுதில்லை அண்ணை.” நான் கேட்டது ஒரேயொரு கேள்வி: “சுவிட்ச் போட்டிருக்கோ?” “ஓம் அண்ணை, எத்தினை தரம் அமத்திப் பாத்திட்டன்.”

அந்த ‘அமத்தி’யிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். போட்டதா என்று கேட்டேன், அமத்தினேன் என்று பதில் வந்தது. நான் நினைத்தது பெட்டியின் பின்னால், வலுவழங்கியில் (பவர் சப்ளை) வட்டமும் கோடும் போட்ட சின்ன ஆளியை. அவர் நினைத்தது முன்பக்கப் பொத்தானை. இரண்டுக்கும் நாங்கள் ‘சுவிட்ச்’ என்றே சொல்கிறோம். பாவம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மேசையில் வைத்துப் பின்னால் பார்க்கிறேன், ஆளி வட்டத்தின் பக்கம் சாய்ந்து கிடக்கிறது.

(கணனியா கணினியா என்ற சண்டையை இன்றைக்கு விடுவோம். என் கை கணனி என்றுதான் எழுதும்.)

பின் ஆளியைப் போட்ட பிறகும் பிரச்சினை தீரவில்லை. முன்பொத்தானை அமத்தினால் விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றுவிட்டது. எங்கோ குறுஞ்சுற்று (ஷோர்ட் சர்க்கிட்) இருக்கிறது, வலுவழங்கி தன்னைக் காத்துக்கொள்கிறது என்பது அதன் பொருள். தாய்ப்பலகையை (மதர்போர்ட்) கழற்றிப் பார்த்தால், பலகையில் திருகாணி ஓட்டையே இல்லாத இடத்தில் புதிய கேசிங்கில், பலகையைத் தாங்கும் பித்தளைக் கால் ஒன்று நிற்கிறது. பலகையின் அடியில் உள்ள பற்றாசு (சோல்டர்) முனைகளில் அது முட்டிக்கொண்டிருந்தது. காலைக் கழற்றினேன், ஓடியது. கேசிங் மாற்றுகிறவர்கள் முதலில் ஓட்டைகளை எண்ணுங்கள், பிறகு கால்களை எண்ணுங்கள்.

நான் எழுதவந்தது காலைப் பற்றியல்ல, அந்தப் பொத்தானைப் பற்றி. 1995இல் இன்டெல், இப்போதைய பெட்டிகள் பின்பற்றும் ஏ.ரி.எக்ஸ் அமைப்பைக் கொண்டுவருவதற்கு முந்திய பெட்டிகளில், முன்பக்க ஆளி வரைக்கும் 230 வோல்ற்று வரும். வலுவழங்கியிலிருந்து தடித்த வயர் ஒன்றை முன்னுக்கு இழுத்திருப்பார்கள். அதை அணைத்தால் அணைந்ததுதான். ஆளி என்ற பெயர் அதற்குத் தகும், அது ஆண்டது. இப்போதைய பொத்தானுக்கு அந்த அதிகாரம் கிடையாது. தாய்ப்பலகையில் உள்ள இரண்டு முள்ளை ஒரு கணம் தொடவைத்துவிட்டு விலகிக்கொள்ளும். பலகை அதைக் கண்டு, தன் பங்குக்கு, வலுவழங்கியிலிருந்து வரும் பச்சை வயரின் வோல்ற்றைப் பூச்சியத்துக்கு இறக்கினால்தான் வலுவழங்கி முழுதாக ஓடும். பலகைக்கு மனமில்லையென்றால் நீங்கள் விடியவிடிய அமத்தலாம்.

இதற்கு நான் முன்மொழிவது ‘உசுப்பி’. எங்களூரில் நித்திரையில் கிடப்பவர் இலேசாக அசைந்தால் ‘உசும்புகிறார்’ என்போம், அசையவைப்பது உசுப்புதல். பிரெடெரிக் கோட்டைக்குள் போனவர்களுக்குத் தெரியும், மர நிழலில் மான்கள் படுத்திருக்கும். கிட்டப் போனால் காது மட்டும் உசும்பும், மான் எழும்பாது. மூதூர்த் தம்பியின் விசிறி அரைச்சுற்று சுற்றியதும் அதே கதைதான். பின்னால் இருப்பது ஆளி, முன்னால் இருப்பது உசுப்பி. இப்படி இரண்டு சொல் இருந்திருந்தால் அந்தப் பெடியன் பஸ்ஸேறியிருக்க மாட்டான். சரி, பித்தளைக் காலுக்காக எப்படியும் வந்திருப்பான், அது வேறு.

கோயம்புத்தூரிலிருந்து:

> பின்னால் இருப்பது ஆளி, முன்னால் இருப்பது உசுப்பி.

நல்ல விளக்கம், நன்றி. ஆனால் இரண்டு தடைகள். ஒன்று, எங்கள் பக்கத்தில் உசுப்புவது, உசுப்பேற்றுவது எல்லாம் ஒருவரைச் சண்டைக்குத் தூண்டிவிடுவதற்குத்தான் பெரும்பாலும் வரும். பெட்டியின் முகத்தில் ‘உசுப்பி’ என்று பார்த்தால் ஆட்கள் சிரிப்பார்கள். இரண்டு, ‘ஆளி’ என்று நீங்கள் சாதாரணமாக எழுதுவது இங்கே யாருக்கும் புரியாது. பழைய பாட்டில் வரும் யானையைக் கொல்லும் விலங்குதான் நினைவுக்கு வரும். நாங்கள் பள்ளியில் படித்தது சாவி, பிறகு நிலைமாற்றி என்றும் வந்தது. பேசாமல் ‘மின்பொத்தான்’ என்று வைத்துவிட்டுப் போகலாமே? எளிமையாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் ஆளிக்காக ஒரு சொல். இலங்கையில் மின்சுற்றுப் படிப்பித்த எவரும் கரும்பலகையில் ஆளி என்றுதான் எழுதினோம். வலு என்றோம், நீங்கள் திறன் என்றீர்கள். கொள்ளளவி என்றோம், நீங்கள் மின்தேக்கி என்றீர்கள். ஒரே பொருளுக்கு இரு கரையிலும் இரு சொல் இருப்பதால் குடிமுழுகிப் போகவில்லை. ஆனால் இரு பொருளுக்கு ஒரே சொல் இருந்தால் திருகோணமலைத் தம்பி எழுதியதுபோல் பஸ் ஏறவேண்டி வரும்.

மின்பொத்தானில் எனக்கு ஒப்புதல் இல்லை. பொத்தான் என்பது உருவம். பக்கத்திலேயே ரீசெட்டுக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. தொழிலைச் சொல்லும் பெயர்தான் தேவை.

உசுப்பு கொச்சை என்று யாரும் தள்ளவேண்டாம். திரும்பு–திருப்பு, நிரம்பு–நிரப்பு, கிளம்பு–கிளப்பு என்ற வரிசையிலே உசும்பு–உசுப்பு ஒழுங்காக உட்காருகிறது. தன்வினைக்கு மெல்லினம், பிறவினைக்கு வல்லினம். இயந்திரம் தானாக உசும்பினால் ஒன்று, நாம் உசுப்பினால் மற்றது. இந்த வேறுபாட்டைக் காட்ட வேறு பல மொழிகளுக்கு இரண்டு சொல் வேண்டும், நமக்கு ஓரெழுத்து போதும். உசுப்பி என்பது வினையெச்சமாகவும் ஒலிக்கிறதே என்று எவராவது கேட்பார்கள். ஒலிபெருக்கி, வடிகட்டி, மின்தேக்கி எல்லாம் அப்படித்தான்.

எனக்குள்ள ஐயம் வேறு. அதே வரிசையில் எழும்பு–எழுப்பு என்றும் இருக்கிறது. அது இரு கரைக்கும் பொது, சிரிப்பும் வராது. அப்படியென்றால் ஏன் ‘எழுப்பி’ என்று வைக்கக்கூடாது?

திருகோணமலையிலிருந்து:

ஐயா, நன்றி. எழுப்பியை நானும் யோசித்துப் பார்த்துத்தான் விட்டேன். காரணம் பட்டறையில் இருக்கிறது.

கணனி ‘எழும்பியது’ என்று நான் சொல்வது திரையில் விண்டோசோ லினக்ஸோ வந்து நிற்கும்போது. அதற்கு முன் எத்தனையோ படி. பின் ஆளியைப் போட்டதும் ஊதா வயரில் 5 வோல்ற்று வந்துவிடும், பெட்டி அணைந்து கிடந்தாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். பொத்தானின் விண்ணப்பத்தைக் கேட்கும் காது அந்த 5 வோல்ற்றில்தான் உயிரோடு இருக்கிறது. பிறகு பச்சை வயர் இறங்கவேண்டும். 12, 5, 3.3 வோல்ற்று மூன்றும் நிலைத்ததும் வலுவழங்கி சாம்பல் வயரில் ‘சரி’ என்று சொல்லவேண்டும். அந்தச் ‘சரி’ வரும்வரை புரொசசர் அசையாது. அதற்குப் பிறகுதான் பலகை ராமை, கிராபிக்ஸ் கார்ட்டைச் சோதித்து வட்டைத் தேடும். இந்த வரிசையில் பொத்தானின் பங்கு முதல் தட்டு மட்டும்தான். அதற்கு எழுப்பி என்று பெயர் வைத்தால், எழும்பாத ஒவ்வொரு கணனிக்கும் ஆட்கள் பொத்தானைக் குறை சொல்வார்கள். இப்போதே சொல்கிறார்கள்.

வலுவழங்கியில் பிழையா, பலகையில் பிழையா என்று பிரிப்பதற்கும் இதே வரிசைதான் உதவும். பின் ஆளியை அணைத்துவிட்டு, 24 முள் இணைப்பியைப் பலகையிலிருந்து கழற்றிவிடுங்கள். அதில் பச்சை வயர் ஒன்றுதான் இருக்கும், அதன் இரு பக்கமும் கறுப்பு. பச்சையையும் ஒரு கறுப்பையும் காகிதக் கிளிப்பால் இணைத்து ஆளியைப் போட்டால், பலகையின் அனுமதியில்லாமலே வலுவழங்கி ஓடவேண்டும். சுற்றும் விசிறி ஒன்றை அதில் மாட்டியிருந்தால் கண்ணால் காணலாம். எல்லா வயரும் கறுப்பாக வரும் வலுவழங்கியென்றால் 16ஆம் முள். ஓடினால் வலுவழங்கியில் குறைந்தபட்சம் உயிர் இருக்கிறது, பாரம் தாங்குமா என்பது பிறகு. ஓடாவிட்டால் அதைத் திறந்து பார்க்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் 230 வோல்ற்றைச் சீராக்கி உள்ளே கொள்ளளவிகளில் 325 வோல்ற்றோ அதற்கு மேலோ தேக்கி வைத்திருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது உடனே போகாது.

கோயம்புத்தூர் நண்பருக்கு: தூண்டிவிடுவது என்ற பொருள்கூட எனக்குப் பிழையாகப் படவில்லை. உசுப்பிவிடுகிறவர் தான் சண்டைபோட மாட்டார்தானே, மற்றவரைத்தான் விடுவார். பொத்தானும் அதைத்தான் செய்கிறது. 4 விநாடி அமத்திப் பிடித்தால் அணைகிறதே என்று கேட்கலாம், அதுவும் பலகை பார்த்துச் செய்கிற வேலை. பலகை செத்திருந்தால் 4 நிமிடம் பிடித்தாலும் ஒன்றும் நடக்காது, பின்னால் கையை விட்டு ஆளியைத்தான் தேடவேண்டும்.

நேற்று நிலாவெளியிலிருந்து ஒரு கோல். இதுவும் கேசிங் மாற்றின கதைதான். இந்த முறை கவனமாகக் கேட்டேன்: “பின் ஆளி கோட்டுப் பக்கம் கிடக்கோ? முன் உசுப்பியை அமத்தினீங்களோ?” அந்தப் பக்கம் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு, “உசுப்பி எண்டா? அந்த எழுப்புற பட்டனோ?”

ஐயா சிரிப்பார். ஆனாலும் விளங்கிவிட்டது, ஆளி எது உசுப்பி எது என்று அவர் திரும்பக் கேட்கவில்லை. ஆளி சரியாகத்தான் இருந்தது. முன்பக்க வயர்களைக் கழற்றிவிட்டு, உசுப்பிக்குரிய இரண்டு முள்ளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொடச் சொன்னேன். விசிறி ஓடும் சத்தம் போனிலேயே கேட்டது. உசுப்பியின் வயரைக் கொண்டுபோய் ரீசெட் முள்ளில் செருகியிருக்கிறார். அணைந்து கிடக்கும் பெட்டியில் ரீசெட்டை அமத்தி என்ன பயன்?

அந்த ரீசெட்டுக்கும் ஒரு சொல் வேண்டும். மீளமைப்பு என்று எழுதாதீர்கள், அது போனில் சொல்ல வாய் வராது.