பட்டறைச் சுவரில் பழைய ஊசல் கடிகாரம்: தாமதத்தைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி:
வணக்கம். தாத்தா விட்டுச்சென்ற, சாவி கொடுத்து இயக்கும் கடிகாரத்தை என் வீட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அது நாளொன்றுக்கு 5 நிமிடம் பின்தங்குவதோடு, அவ்வப்போது நின்றும்விடுகிறது. ஊசலின் நீளம் சுமார் 25 செ.மீ. எண்ணெய் விட்டால் சரியாகுமா?

பதில் 1:
எண்ணெய்க்கு முன் ஒலியைக் கவனியுங்கள். டிக், டக் இரண்டுக்கும் இடையிலான இடைவெளி சமமாக இல்லையென்றால், பெட்டியின் அடிப்பகுதியை மெல்ல இடமோ வலமோ நகர்த்தி, ஒலி சமமாகும் இடத்தில் நிலைநிறுத்துங்கள். கடிகாரம் நின்றுபோவதற்குப் பலமுறை இதுவே காரணம். தாமதத்துக்கு, ஊசல் குண்டின் கீழுள்ள திருகைச் சுழற்றிக் குண்டை உயர்த்த வேண்டும். அலைவு நேரம் (ஊசல் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம்) ஊசல் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், உங்கள் ஊசலில் ஏறத்தாழ 1.7 மி.மீ. உயர்த்தினாலே அந்த 5 நிமிடம் ஈடாகிவிடும்.

பதில் 2:
பட்டறை என்பதால் கவலையாக இருக்கிறது. மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்தால் அச்சுகளை அரித்துத் தேய்க்கும். பழைய எண்ணெயைத் துடைக்காமல் புதியதை விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது.

பதில் 3:
நானே செய்துவரும் கடிகாரத்தின் ஊசலுக்கு மரத்தண்டைத் தேர்ந்தெடுத்தேன். எஃகுத் தண்டு என்றால் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயரும்போது அது விரிந்து நீள்வதால் கடிகாரம் நாளுக்கு ஏறத்தாழ 5 நொடி பின்தங்கும். நேரான இழையுள்ள மரம் நீளவாக்கில் அவ்வளவு விரியாது, ஆனால் ஈரம் புகாதபடி வார்னிஷ் பூசியே ஆகவேண்டும்.