குளக்கட்டுக்குக் கீழே உள்ள பற்றையை வெட்டி வயலாக்கலாமா?

திரியாய் வயல்காரன்:
திருகோணமலைப் பக்கம் திரியாயில் எனக்கு இரண்டு ஏக்கர் வயல். சின்னக் குளத்துத் தண்ணீர், அதனால் மழைக்காலப் பெரும்போகம் மட்டும்தான். குளக்கட்டுக்கும் என் மேல் வரம்புக்கும் நடுவில் அரை ஏக்கரளவு பற்றை கிடக்கிறது. நாலு மருதமரம், ஒரு பெரிய இலுப்பை, தாழை, பன் புல். டோசர் விட்டுத் துப்புரவாக்கினால் பன்னிரண்டு மூடை நெல் கூட வரும். வீட்டில் ஆறு பேர். உரம் இல்லாமல் விதைத்த 2021 பெரும்போகத்துக்குப் பிறகு விதைநெல்லையே குத்திச் சாப்பிட்டோம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அம்மாவோ, "அது குளத்தின் பங்கு, கைவைக்காதே" என்கிறார். என்ன செய்யலாம்?

கந்தளாய் விவசாயி:
தம்பி, அம்மா சொல்வதுதான் சரி. அந்த இடத்தைச் சிங்களத்தில் 'கட்டகடுவ' என்பார்கள். கட்டுக்கு அடியால் கசியும் நீரிலுள்ள உப்பை அங்குள்ள மரமும் புல்லும் தடுத்துக்கொள்ளும். நான் என் பக்கத்துப் பற்றையை வெட்டியவன். இரண்டு போகம் நல்ல விளைச்சல். மூன்றாவதில் மேல் துண்டு வெள்ளை பூத்தது, நாற்று மஞ்சளாகிக் கருகியது. வெட்ட ஒரு நாள் போதும், மருதமரம் திரும்ப வர எத்தனை வருடம்! ஒன்றின் கீழ் ஒன்றாகக் குளங்களைக் கட்டி, இப்படிப் பற்றையையும் விட்டுவைக்கும் நம் வறண்ட வலயத்தின் குளத்தொடர் முறையைத்தான் 2017 இல் ஐநா உணவு விவசாய அமைப்பு உலக விவசாய மரபுரிமையாக ஏற்றது.

இன்னொன்று. பயிருக்கு 40 நாளாகும் வரை பூச்சிமருந்து அடிக்க அவசரப்படாதீர்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்திப் பூச்சியைத் தின்னும் சிலந்திதான் முதலில் சாகும், பிறகு தத்தி பெருகிவிடும். இந்தோனேசியாவில் இதே காரணத்துக்காக 1986 இல் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடுத்தார்கள். சிலந்தி ஒதுங்கி நிற்கப் பற்றையும் வரம்புப் புல்லும் வேண்டும்.

அந்தப் பற்றை குளத்துக்கென்று ஒதுக்கிய நிலமாகவும் இருக்கலாம். அரசின் கமநல (விவசாய) சேவை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மூதூர் அக்கா:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஆறு பேருக்குச் சோறு வேண்டுமே, அதற்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். நான் பெரும்போகம் அறுத்ததும் வயலில் நிற்கும் ஈரத்தில் பயறு விதைக்கிறேன். இரண்டு மாதம் தாண்டினால் பிடுங்கலாம், வேரால் மண்ணுக்கும் சத்து சேரும். போன வருடம் எங்கள் வீட்டுக் கறிக்கு வைத்து மிச்சத்தை விற்றேன். ஒரு துண்டில் பச்சைப்பெருமாள் என்ற பாரம்பரிய நெல்லும் போடுகிறேன். மூடை குறையும்தான், ஆனால் உரம் அதிகம் கேட்காது. உரம் கிடைக்காத காலத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது அந்தத் துண்டுதான். உங்கள் பற்றையில் பன் இருக்கிறதே, வெட்டிப் பாய் இழைக்கலாம். எங்கள் பெண்கள் அப்படித்தான் கைச்செலவுக்குப் பார்க்கிறார்கள்.

திரியாய் வயல்காரன்:
மேல் துண்டின் மூலையில் இப்போதே மண் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, இன்று காலை போய்ப் பார்த்தேன். டோசர்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா, பயறு ஏக்கருக்கு எத்தனை கிலோ போடுகிறீர்கள்? அறுவடைக்கு முன்பே தூவுவதா, பிறகா?