பிஸ்பீ நீதிமன்ற வாசல் சிலை: செம்புப் பூச்சைப் பாலிஷ் போடலாமா?

கேள்வி:
அரிசோனாவின் பிஸ்பீயில் உள்ள கொச்சீஸ் மாவட்ட நீதிமன்றத்துக்கு (1931, ஆர்ட் டெகோ என்ற அக்காலக் கட்டடப் பாணி) பராமரிப்புத் திட்டம் எழுதுகிறேன். முன்னால் நிற்கும் சுரங்கத் தொழிலாளி சிலை 1935-ஐச் சேர்ந்தது. உள்ளே கான்கிரீட், மேலே செம்புப் பூச்சு. இப்படிப்பட்ட சிலையில் பச்சைக் களிம்பு ஏறினால் தேய்த்து எடுக்கலாமா? விரிசலுக்கு சிமென்ட் பூசினால் நிற்குமா?

மறுமொழி 1:
தேய்க்கவே வேண்டாம். வார்ப்புச் சிலை முழுக்க உலோகம். இதில் செம்பு மேல்தோல் மட்டும்தான். பாலிஷ் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சத்தைச் சுரண்டிவிடும். அமிலம், அமோனியா கலந்தவை நுண்துளை வழியே இறங்கும்; அமிலம் கான்கிரீட்டையும் அரிக்கும். சீராக, இறுக்கமாகப் படிந்த பச்சை காப்புதான், விட்டுவிடுங்கள். விரலில் ஒட்டும் வெளிர்பச்சைப் பொடி என்றால் செம்பை அரிக்கும் குளோரைடு உப்பு இருக்கிறதா என்று பரிசோதிக்கணும்.

கழுவ ஒரு வாளித் தண்ணீரில் சில துளி அயனியற்ற (nonionic) மென்மையான சோப்பு, மென்மையான நார் பிரஷ் போதும். பிரஷர் வாஷர் கூடாது. மெழுகு பூசுவதானால் மூலையில் சிறு இடத்தில் சோதித்த பிறகுதான். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது மெழுகிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, பூச்சு உப்பிக் கழன்றுவிடும்.

மறுமொழி 2:
விரிசலுக்கு மேல்பூச்சு நிற்காது சார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காப்பது அதன் காரத்தன்மை; காற்றிலுள்ள கரியமில வாயு அதைக் குறைக்கும். அப்புறம் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளும். ஈரத்தில் செம்பும் கம்பியும் தொட்டுக்கொண்டால் இரும்பு இன்னும் வேகமாகப் போகும். பிஸ்பீ 1,600 மீட்டருக்கும் மேலான உயரம். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை, குளிர்கால இரவில் உறைபனி. விரிசலில் நின்ற தண்ணீர் உறைந்து அதை அகலமாக்கும்.

முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டி, பொள்ளல் சத்தம் வரும் இடத்தைக் குறிங்க. பெயர்ந்த துண்டின் புது முகத்தில் 1% ஃபீனால்ஃப்தலீன் (காரத்தை நிறத்தால் காட்டும் திரவம்) தெளிங்க: இளஞ்சிவப்பானால் காரம் இருக்கு, நிறமே வரலைன்னா போயிருச்சு. சாதாரணக் கட்டடப் பகுதி என்றால் கம்பிக்குப் பின்னால் 2 செ.மீ. வரை கொத்தி, துருவை எடுத்து, பழைய கான்கிரீட்டைவிட வலுவில்லாத கலவையால் நிரப்பலாம். வலுவான கலவை ஓரத்தில் பிளந்துவிடும். சிலையில் மட்டும் கொத்து வேலை வேண்டாம், பூச்சே போய்விடும். அதைச் சிற்பப் பாதுகாப்பாளரிடம் விடுங்க.

மறுமொழி 3:
திட்டத்தின் முகப்பில் இதையும் சேருங்கள். முன்பு மாவட்டத் தலைநகராக இருந்த டூம்ஸ்டோனின் வெள்ளிச் சுரங்கங்களில் தண்ணீர் ஏறி அந்த ஊர் நலிந்தது. 1929-ல் மாவட்டத் தலைநகரைச் செம்பு ஊரான பிஸ்பீக்கு மாற்ற வாக்களித்தார்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் அரிசோனாவின் டூசான் நகரத்து ராய் பிளேஸ். சிலை சிற்பி ஆர். பிலிப்ஸ் சாண்டர்சன் செய்தது. 1929-ல் ராத்தல் 18 சென்ட் விற்ற செம்பு 1932-ல் 6 சென்ட்டுக்கும் கீழே போனது. அந்த நெருக்கடிக் காலத்தில் செம்புத் தொழிலாளிக்குச் செம்பிலேயே மேனி பூசியிருக்கிறார்கள். அதனால் பூச்சு உரிந்த இடத்தை வெண்கல நிறப் பெயின்டால் மறைக்கக் கூடாது என்று தனி விதியாகவே எழுதிவிடுங்கள்.