சீனப் பேர்ல எது குடும்பப் பேர்? தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்

வணக்கம் மக்களே, ஒரு அவசர உதவி. அடுத்த வாரம் ஷென்ஜென்ல இருந்து எட்டு பேரு, லண்டன்ல இருந்து ரெண்டு பேரு எங்க ஃபேக்டரிக்கு வர்றாங்க, பேட்ஜ் அடிக்கிற வேலை என் தலையில விழுந்துருச்சு.

சீனாவுல குடும்பப் பேர்தான் முன்னாடி வரும்னு தெரியும், ஷி ஜின்பிங்ல ஷி, பாஸ்கெட்பால் யாவ் மிங்ல யாவ். ஆனா வந்திருக்கிற எக்ஸெல்ல நாலு பேரு வெள்ளக்காரங்களுக்காகத் திருப்பிப் போட்டிருக்காங்க, மிச்ச நாலு பேரு அப்படியே விட்டிருக்காங்க. அதுல ரெண்டு பேருக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒத்தை எழுத்துப் பேரு மாதிரி இருக்கு, எதுன்னு எப்படிப் பிடிக்கிறது?

இன்னொருத்தர் மெயில்ல கெவின்னு கையெழுத்து போடுறாரு, பாஸ்போர்ட்ல அந்தப் பேரே இல்ல. அலிபாபா கம்பெனி ஆரம்பிச்ச மா யுன்ங்கிறவரு ஜாக் மா ஆன மாதிரி இவரும் ஒரு இங்கிலீஷ் பேரு வச்சுக்கிட்டாரு போல. பேட்ஜ்ல எதைப் போட?

ஏற்கெனவே ஒரு கூத்து நடந்துருச்சுங்க. புருஷன் பொண்டாட்டிக்கு வேற வேற குடும்பப் பேரு இருந்ததால ஹோட்டல்ல தனித்தனி ரூம் போட்டுட்டேன் 🤦 அங்க கல்யாணம் ஆனாலும் பொண்ணுங்க பொதுவா பேரை மாத்திக்கிறதில்லையாம். லண்டன்காரருக்கோ நம்ம ஊரு மிஸ்டர் குமார் ஸ்டைல்ல, மிஸ்டருக்குப் பின்னாடி குடும்பப் பேருக்குப் பதிலா அவர் சொந்தப் பேரைப் போட்டு மெயில் தட்டிவிட்டேன்.

குடும்பப் பேரை மட்டும் கேபிடல் லெட்டர்ல அடிச்சா போதுமா, இல்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் நேரடியா கேட்டா தப்பா எடுத்துக்குவாங்களா? சீனா, சிங்கப்பூர்ல வேலை பார்த்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குக் குடுக்கணும்.